தற்காப்பு உரிமைக்கும் எல்லை உண்டு

ஆசிரியருக்கு,

வீட்டுக்குள் புகுந்தவனைக் கொன்றாலும் குற்றமில்லை என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். இது பாதிதான் உண்மை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆவது பிரிவு, கொள்ளை, சூரியன் மறைந்தபின் விடிவதற்குள் வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீவைத்தல் போன்றவற்றைத் தடுக்க உயிரைப் பறிக்கும் அளவுக்கும் உரிமை தருகிறது. சரி, அதோடு முடிந்ததா? தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு கூடாது என்று 37-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. பலரும் இதைப் படிப்பதே இல்லை.

இங்கிலாந்தில் 2013-இல் வந்த சட்டத் திருத்தம், வீட்டுக்காரர் பதற்றத்தில் சற்று அதிகமாகத் தாக்கியிருந்தாலும் அது நியாயமாகக் கருதப்பட இடம் தருகிறது. அளவு கடந்து போனால் காப்பாற்றாது. நள்ளிரவில் நடுங்கிக்கொண்டு நிற்பவர் தராசு வைத்து நிறுக்க முடியாது என்பதை அது ஒப்புக்கொள்கிறது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

ஆனால் பிடிபட்டவனைக் கட்டிவைத்து ஊர் கூடி அடித்துக் கொல்வது தற்காப்பே அல்ல, கொலை. அப்போது ஆபத்து நீங்கிவிட்டது. செய்ய வேண்டியது காவல்துறையை அழைப்பதுதான். இந்த வேறுபாட்டை எளிய தமிழில் துண்டறிக்கையாக அச்சிட்டு, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மக்களுக்குக் கொடுக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்