காக்கட்டூ தீவும் ஒற்றை வரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணக் கட்டுரை, சிட்னித் துறைமுகத்திலுள்ள காக்கட்டூ தீவைப் பற்றி, ‘சிறை மூடப்பட்ட பின் சில காலம் இங்கே கப்பல்களும் பழுதுபார்க்கப்பட்டன’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. 1980களில் அங்கே ஃபிட்டராக வேலை பார்த்துக் குடும்பம் நடத்திய எனக்கு அந்த வரியைத் தாண்டிப் படிக்க மனம் வரவில்லை. ஆயினும் படித்தேன், கோபம் கூடியதுதான் மிச்சம்.

கப்பல்துறையை வெட்டியவர்களே கைதிகள் என்பது தாங்கள் அறியாததா? 1839இல் நார்ஃபோக் தீவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் தங்களை அடைக்கும் சிறையைத் தாங்களே கல்லுடைத்துக் கட்டினார்கள். ஆளுநர் கிப்ஸின் ஆணைப்படி பாறையைக் குடைந்து தானியக் குதிர்கள் அமைத்தார்கள். பின்னர், கப்பலை உள்ளே விட்டு நீரை இறைத்துவிட்டுப் பழுதுபார்க்கும் ஃபிட்ஸ்ராய் உலர்துறையை வெட்டி முடித்து, 1857இல் அதில் முதல் கப்பல் நுழைந்தபோதும் கைதிகளாகவே இருந்தார்கள். சிறை மூடப்பட்டது 1869இல்தான். பம்புகள் நீரை இறைத்து முடித்ததும், பாசி வழுக்கும் அந்தக் கற்படிகளில் கருவிப்பெட்டியுடன் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கியவன் நான். உளி கொத்திய தடங்கள் உள்ளங்கையில் உறுத்தும்.

1863இல் நீந்தித் தப்பிய கொள்ளைக்காரன் தண்டர்போல்ட்டுக்கு ஒரு பக்கம் முழுவதையும் தாராளமாக ஒதுக்கியிருக்கிறீர்கள். 1871 முதல், தீவின் பெயரை பிலோவேலா என மாற்றிவிட்டு, அதே சிறைக் கட்டடங்களில் அடைக்கப்பட்ட ஆதரவற்ற சிறுமிகளுக்கு ஒரு வரி கூட இல்லை. அவர்கள் கொள்ளையடிக்கவில்லை, ஆகவே சுவையில்லை போலும்! 1890இல் முடிந்த சதர்லண்ட் உலர்துறை, இரண்டாம் உலகப் போரில் அங்கே செப்பனிடப்பட்ட போர்க்கப்பல்கள், 1984இல் நீரில் இறக்கப்பட்ட கடற்படைக் கப்பல் ‘சக்சஸ்’, 1989இல் கப்பல்துறையின் மூடலை எதிர்த்துத் தீவையே விட்டு நகராமல் போராடிய தொழிலாளர்கள் ஆகிய எல்லாமே அந்தச் ‘சில காலத்தில்’ அடங்கிவிட்டன. பழைய சிறை என்றாலே பேய்க்கதை தேடுவது தங்கள் இதழில் புதிதன்று. முன்பொருமுறை நீராவிக் கப்பலின் படத்தைப் பாய்மரக் கப்பல் என்று அச்சிட்டதைச் சுட்டிக்காட்டினேன். இன்றுவரை பதில் இல்லை. தங்களுக்கு வேலை அதிகம், புரிகிறது.

இப்போது நான் வேண்டுவது மறுகட்டுரை அன்று. ஃபிட்ஸ்ராய் துறையின் படத்துக்குக் கீழே ‘கைதிகள் நீராடிய குளம்’ என்று போட்டிருக்கிறீர்களே, அதை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
முன்னாள் கப்பல்துறைத் தொழிலாளி,
சிட்னி