ஓபி திறக்கும் வரை அவரை உட்கார வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுக்கடைகளை மூட வேண்டுமா, நேரத்தைக் குறைத்தால் போதுமா என்று உங்கள் பத்திரிகையில் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. வேண்டிய பேச்சுதான். ஆனால் ராத்திரி கடை மூடிய பிறகு என்ன நடக்கிறது என்று யாரும் எழுதக் காணோம். நான் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்பது வருடம் கேஷுவாலிட்டியில் இருந்தேன், பெரும்பாலும் இரவு டியூட்டி. டாஸ்மாக் 10 மணிக்கு மூடும். 11 மணிக்கு மேல் எங்களிடம் கூட்டம் சேரும்.

பைக்கிலிருந்து விழுந்தவர், மண்டை உடைந்தவர், ரத்த வாந்தி எடுப்பவர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். நிறையப் பேர் ஏற்கெனவே பார்த்த முகங்கள். "பழைய ஆளுதான் சிஸ்டர்" என்று சொல்லியபடியே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவருவார் ஊழியர்.

அதில் ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. கொத்தனார், நாற்பது வயதிருக்கும். முன்கையில் மகள் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். ஒரு விடியற்காலையில் அவர் மனைவி மஞ்சப்பையிலிருந்து சீட்டுகளை எடுத்து என் மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்றரை வருடத்தில் பதினான்கு சீட்டு. வயிற்று வலி, தலையில் காயம், வலிப்பு, திரும்ப வயிற்று வலி. மடித்து மடித்து ஓரமெல்லாம் நைந்திருந்தன. "ஒவ்வொரு தடவையும் பொழைக்க வச்சு அனுப்பிடறீங்க சிஸ்டர். அப்புறம் நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்கு டிரிப்ஸ் மாட்டப் போய்விட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அந்தப் பதினான்கில் ஒன்றில்கூடக் குடி ஒரு நோயாக எழுதப்படவில்லை. விபத்துப் பதிவேட்டில் மட்டும் 'மது வாடை இருந்தது' என்று எழுதுவோம். அது போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போகும். வைத்தியம் பார்க்கிற யாரிடமும் போகாது.

குடித்துவிட்டு வருபவர்களைப் போலவே குடியை நிறுத்தியதால் வருபவர்களும் உண்டு என்பது வெளியே பலருக்குத் தெரியாது. வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டாவது, மூன்றாவது நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சியைப் போர்வையிலிருந்து பொறுக்கிப் போடுவார்கள், சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். பேய் பிடித்துவிட்டது என்று வீட்டில் பயந்துவிடுவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகிற நிலைமை இது. கோயிலில் கயிறு கட்டிய மறுநாளும், கார்த்திகையில் மாலை போட்ட கையோடும் இப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 2020 ஊரடங்கில் கடைகள் மூடியபோது இது ஊரறிந்த விஷயமானது. கயிறு கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. அந்த மனிதர் திருந்த நினைத்த நாள் அது. அன்றைக்கே டாக்டரிடமும் காட்டியிருந்தால் ஃபிட்ஸ் வராமல் மாத்திரையிலேயே தடுத்திருக்கலாம்.

சரி, எங்கே தவறுகிறது? ராத்திரி ஒரு மணிக்கு வருகிறார். தையல் போடுகிறோம். தயமின் ஊசி போட்டு, அப்புறம் குளுக்கோஸ் ஏற்றுகிறோம். (இந்த வரிசை முக்கியம். குடியால் உடம்பில் பி1 சத்து வற்றியவருக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.) நாலு மணிக்குத் தெளிகிறார். அந்த நேரத்தில் அவருக்கு வரும் வெட்கம் இருக்கிறதே, மனைவி முகத்தைப் பார்க்க மாட்டார். "இனிமே தொட மாட்டேன் சிஸ்டர்" என்று கையெடுத்துக் கும்பிடுவார். பொய்யில்லை, அந்த நிமிஷத்தில் மனசார சொல்வதுதான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு மேற்கொண்டு பேச அங்கே ஆள் கிடையாது. மனநல டாக்டர் அதே வளாகத்தில்தான் இருக்கிறார், ஓபி காலையில்தான் திறக்கும். இவர் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவார். மத்தியானம் 12 மணிக்குக் கடை திறந்துவிடும்.

குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது கிடைத்திருக்கிறது என்று 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு சொன்னது. மீதிப் பேருக்கு ஆஸ்பத்திரி தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் கேஷுவாலிட்டிக்கே எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. இப்படி வந்தவரை ஓபி திறக்கும் வரை இருக்கச் சொல்லி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, மனநலப் பிரிவுக்குக் கூடவே அழைத்துப்போக ஒரு ஆள் வேண்டும். சீட்டில் எழுதிக் கொடுத்து "நீங்களே போங்க" என்றால் போக மாட்டார்கள். இன்னொன்று, 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீட்டுக்கே போகிறது. மாத்திரை கொண்டுபோகும் பெண்கள் தெருத்தெருவாக ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவர்கள். கேஷுவாலிட்டியிலிருந்து போனவர் வீட்டை ஒரு வாரத்தில் எட்டிப் பார்க்கும் பொறுப்பை, தனிச் சம்பளத்தோடு, அவர்களுக்கே கொடுக்கலாம். மதுவால் வரும் மனநலப் பாதிப்பை 2017 மனநலச் சட்டமே நோய்க் கணக்கில்தான் வைத்திருக்கிறது.

இதைப் படிக்கிற குடும்பங்களுக்கு: தினமும் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். போதை மறுவாழ்வுக்கான இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. நடுக்கமோ ஃபிட்ஸோ வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் வயிற்று வலி என்று மட்டும் சொல்லாமல், எத்தனை வருடமாகக் குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருச்சி