சென்சார் விளக்கை இருட்டிய பிறகு சரிசெய்யுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

வீட்டுப் பாதுகாப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்பில், தோட்டத்தில் மோஷன் சென்சார் விளக்கு, அதாவது ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானாக எரியும் விளக்கு, பொருத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. நல்ல யோசனை. ஆனால் அந்த விளக்கால் கிடைக்கும் பலன், அதை எங்கே மாட்டுகிறோம், எப்படிச் சரிசெய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. வீட்டு வயரிங் வேலை செய்கிறவன் என்ற முறையில் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த விளக்கைப் பகலில் மாட்டலாம். ஆனால் அதைச் சரியாக அமைக்கும் வேலையைப் பொழுது சாயும்போதுதான் முடிக்க முடியும். நான் போய்ப் பார்க்கும் பல வீடுகளில் இந்த இரண்டாவது வேலை நடந்திருப்பதே இல்லை. மாட்டியவர் மதியமே ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார். அப்புறம் ராத்திரியெல்லாம் விளக்கு காரணமில்லாமல் எரிந்து எரிந்து அணையும். இல்லாவிட்டால் ஆள் கதவருகே வந்து நின்றாலும் எரியாது. வீட்டுக்காரர்களும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். பணம் கொடுத்து வாங்கிய பொருள் சுவரில் சும்மா தொங்குகிறது.

சென்சாரின் முகப்பில் பால் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குமிழ் இருக்குமே, அதுதான் லென்ஸ். நம் உடம்பிலிருந்து வெளிப்படும் வெப்பக் கதிரை உணரும் சின்னத் துண்டு ஒன்று அதற்குப் பின்னால் இருக்கிறது. எதிரே உள்ள இடத்தை லென்ஸ் விசிறி மடிப்பு போலப் பட்டை பட்டையாகப் பிரித்து அந்தத் துண்டுக்குக் காட்டுகிறது. சூடான ஒன்று ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தால் விளக்கு எரியும். அதனால்தான் குறுக்கே நடக்கிறவரை உடனே பிடித்துவிடும். நேராகத் தன்னை நோக்கி வருகிறவரைப் பக்கத்தில் வந்த பிறகுதான் கவனிக்கும். பலரும் கேட்டுக்கு நேர் எதிரே, வாசலுக்கு மேல் மாட்டச் சொல்கிறார்கள். அதைவிட நடைபாதைக்குப் பக்கவாட்டில் உள்ள சுவரில், தரையிலிருந்து 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் மாட்டினால் நன்றாக வேலை செய்யும். புழுக்கமான இரவில், காற்றின் சூடு உடம்புச் சூட்டை நெருங்கும்போது, பெட்டியில் போட்டிருக்கும் தூரம் கிடைக்காது. அதையும் கணக்கில் வைத்துத்தான் மாட்ட வேண்டும்.

கடையில் ரேடார் சென்சார் என்றும் கொடுப்பார்கள். அது மைக்ரோவேவ் அலையை அனுப்பி, திரும்பி வருவதில் உள்ள மாற்றத்தைப் பார்ப்பது. கிளை ஆடினாலும், மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது நடந்தாலும் எரியும். மாடிப்படிக்குச் சரி, தோட்டத்துக்கு வேண்டாம்.

இப்போது சரிசெய்யும் வேலைக்கு வருகிறேன். சென்சாரின் அடியில் டெஸ்டர் முனையால் திருப்பக்கூடிய சிறு திருகுகள் இருக்கும். சென்ஸ் என்பது உணரும் தூரம், டைம் என்பது எரியும் நேரம், லக்ஸ் என்பது எவ்வளவு இருட்டினால் வேலை செய்யத் தொடங்க வேண்டும் என்பது. லக்ஸ் திருகின் ஒரு பக்கம் சூரியன் படமும் மறுபக்கம் நிலா படமும் போட்டிருக்கும். முதலில் லக்ஸைச் சூரியன் பக்கம் திருப்பி, டைமை மிகக் குறைவாக வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரைத் தோட்டத்தில் நடக்கச் சொல்வேன். எங்கே எரிகிறது, எங்கே எரியவில்லை என்று பார்த்து சென்சாரின் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவேன். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் எரிந்தால், லென்ஸில் தெருப்பக்கம் பார்க்கும் பகுதியை மட்டும் இன்சுலேஷன் டேப் ஒட்டி மறைத்துவிட்டால் போதும். இதற்கென்று மறைப்புத் தகடு பெட்டியிலேயே கொடுப்பவர்களும் உண்டு. இதுவரை பகல் வேலை.

பொழுது சாயும்போது லக்ஸை நிலா பக்கம் முழுக்கத் திருப்பிவிட வேண்டும். இனி விளக்கு தேவை என்று நமக்குத் தோன்றும் அளவுக்கு இருட்டியதும், ஒருவர் சென்சாருக்கு முன்னால் நடந்துகொண்டே இருக்க, திருகை மெல்லச் சூரியன் பக்கம் கொண்டுவர வேண்டும். விளக்கு எரிகிற இடத்தில் அப்படியே நிறுத்திவிடலாம். நின்று செய்தால் சில நிமிட வேலை. இதை மதிய வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு திருகிவிட்டுப் போனால் எப்படிச் சரியாக வரும்? டைமை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் வைத்தால் போதும். ஆள் அசைந்துகொண்டிருக்கும்வரை நேரம் மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும்; பாதியில் அணைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

இருட்டிய பிறகு நின்று பார்த்தால்தான் தெரியும் இன்னொரு விஷயம், கண் கூசுவது. ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர், "வெளிச்சம் போட்டதுக்கு அப்புறம்தான் தம்பி படி தெரியல" என்றார். பின்கட்டுப் படிக்கு நேர் எதிரே, கண் மட்டத்தை நோக்கி ஒரு பெரிய ஃபிளட் லைட் மாட்டியிருந்தார்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். அப்படிப் பழகியிருக்கும் கண்ணில் பளீரென்று அடித்தால் வெளிச்சத்தைத் தாண்டி எதுவும் தெரியாது. ஆள் ஒளிந்து நிற்கும் நிழலும் அப்போது அடர்த்தியாகிவிடும். அதைக் கழற்றிவிட்டு, மேல் மூடி உள்ள சின்ன விளக்கு ஒன்றைத் தரையைப் பார்த்து மாட்டினோம். படிக்கு 400, 500 லூமன் (வெளிச்சத்தின் அளவு, பெட்டியில் போட்டிருக்கும்) தாராளம். விளக்கு தெரியக் கூடாது, படிதான் தெரிய வேண்டும் என்று நான் எல்லா வீட்டிலும் சொல்வதுண்டு.

பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் நம் வெளிச்சம் போகிறதா என்பதையும் அந்த நேரத்திலேயே பார்த்துவிடலாம். நம் தோட்டத்துப் பூனைக்காக அவர்கள் ஏன் தூக்கம் கெட வேண்டும்? இரவு வானின் இருட்டைக் காக்கப் பாடுபடும் சர்வதேச டார்க் ஸ்கை சங்கமும் ஒளியமைப்புப் பொறியியல் சங்கமும் 2020-இல் சேர்ந்து வெளியிட்ட நெறிகளும் இதையேதான் சொல்கின்றன: தேவை இருந்தால் மட்டும், தேவையான இடத்தில், தேவையான அளவு, தேவையான நேரம், முடிந்தவரை மஞ்சள் சார்ந்த நிறத்தில். நிறத்துக்கு 2700 முதல் 3000 கெல்வின் என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். நீலம் கலந்த வெள்ளைக்குப் பூச்சிகள் அதிகம் வரும். செவ்வந்தி வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நீண்ட இருட்டு கிடைத்தால்தான் அது மொட்டு வைக்கும். ராத்திரி அதன்மேல் வெளிச்சம் விழுந்துகொண்டே இருந்தால் பூப்பது தள்ளிப்போகும்.

மின்சாரப் பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் கை வைக்கத் தயங்காதவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் ஐபி எண் பெட்டியில் இருக்கும். வெளியே மாட்டுவது குறைந்தது ஐபி 44, மழைச்சாரல் நேராக அடிக்கும் இடமென்றால் ஐபி 65 இருக்க வேண்டும். அந்த லைன் மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் வர வேண்டும். ஒயரை மேலிருந்து விடாமல் கீழே ஒரு வளைவு கொடுத்து அடியிலிருந்து நுழையுங்கள். தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். தெரியாத கை இதில் இறங்க வேண்டாம்.

விளக்கு பொருத்த ஆள் கூப்பிடும்போதே, "இருட்டுகிற நேரத்தில் வந்து சரிசெய்து கொடுப்பீர்களா?" என்று வாசகர்கள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குரிய கூலியும் பேசிவிடுங்கள். என் தொழிலில் இருப்பவர்கள் மறுக்கக் கூடாது. அப்புறம் செடி வளர்ந்து சென்சாரை மறைத்தாலோ, பக்கத்தில் இருக்கும் இலை விளக்கின் வெளிச்சத்தைச் சென்சார்மேலேயே திருப்பி அடித்து அது பகல் என்று நினைத்து அணைந்து அணைந்து எரிந்தாலோ, அந்தக் கிளையை வெட்டிவிடுங்கள். லென்ஸின் முன்னால் சிலந்தி கூடு கட்டினாலும் வீணாக எரியும். சுவிட்சை அணைத்துவிட்டு ஈரத்துணியால் மெதுவாகத் துடையுங்கள். திரும்பப் போட்டதும் நிதானமாக உணரத் தொடங்க ஒரு நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும். அது பழுது இல்லை.

இப்படிக்கு,
வயரிங் வேலை செய்யும் வாசகர் ஒருவர்