மூட்டு மாற்றியவரின் கையில் அதன் விவரம் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரோபோ உதவியுடன் செய்யப்படும் முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை பற்றிய விளம்பரங்கள் இப்போது மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத்து முதியவர்களின் கைபேசிகளுக்கும் வந்து சேர்கின்றன. வயல் வேலையிலும் அடுப்படியிலும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டவர்கள் எங்கள் பகுதியில் ஏராளம். அவர்களின் பிள்ளைகள் அந்த விளம்பரங்களைக் காட்டி, சென்னைக்குப் போய்ச் செய்யலாமா, காணியை ஈடு வைத்தாவது செய்வது தகுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். மூட்டு மாற்றிய நோயாளிகளை மீண்டும் நடக்கப் பழக்குவதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில், அவர்கள் கேட்கத் தவறும் வேறொரு கேள்வியை, அதாவது உடலினுள் வைக்கப்படும் மூட்டு எது, அதன் விவரம் நம் கையில் உள்ளதா என்பதை, தங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன்.

ரோபோ தானாகவே சத்திரசிகிச்சை செய்துவிடுகிறது என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. அது சரியல்ல. இன்று பரவலாக உள்ள முறைகளில் ஒன்றான மேக்கோவை எடுத்துக்கொண்டால், முதலில் நோயாளியின் கால் சீ.ரி. ஸ்கேன் செய்யப்பட்டு, அதிலிருந்து மூட்டின் முப்பரிமாண உருவம் கணினியில் அமைக்கப்படுகிறது. எந்த அளவு மூட்டை எந்தக் கோணத்தில் பொருத்துவது என்பதை வைத்திய நிபுணர் அதில் முன்கூட்டியே தீர்மானிக்கிறார். சத்திரசிகிச்சையின்போது தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் சிறு ஊசிகள் மூலம் அடையாளக் கருவிகள் பொருத்தப்பட்டு, கால் அசையும் ஒவ்வொரு அசைவையும் ஒரு கமரா கவனித்துக்கொண்டிருக்கும். வாளைப் பிடித்திருக்கும் இயந்திரக் கையை நகர்த்துபவர் வைத்தியரே. திட்டமிட்ட எல்லையை வாள் கடக்க முற்பட்டால் மாத்திரம் இயந்திரம் தடுத்துவிடும். திறப்பதும், தசைநார்களின் இறுக்கத்தைச் சமப்படுத்துவதும், மூடுவதும் மனிதக் கைகளின் வேலையாகவே இருக்கின்றன.

இதனால் எலும்பு வெட்டப்படும் துல்லியம் கூடுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்தத் துல்லியம் பத்து, பதினைந்து ஆண்டுகளின் பின் நோயாளிக்கு எவ்வளவு நன்மையாக மாறுகிறது என்பது வேறு விடயம். தென்கொரியாவில் ஏறத்தாழ 1,400 நோயாளிகளை இரு பிரிவாக்கி, சராசரியாக 13 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ரோபோ உதவியுடன் மாற்றிய முழங்காலுக்கும் வழமையான முறையில் மாற்றிய முழங்காலுக்கும் இடையே வலியிலோ, நடையிலோ, மூட்டின் ஆயுளிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அங்கு பயன்பட்டது பழைய தலைமுறை ரோபோ என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். புதியவை இதைவிட நன்றாக இருக்கலாம். எனினும் அவற்றின் நீண்டகால முடிவுகள் தெரியவரக் காலம் எடுக்கும். ஆகவே, அனுபவமுள்ள நிபுணர் ஒருவர் வழமையான முறையில் செய்வதைக் குறைவானதென்று எண்ணி எவரும் காணியை இழக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து.

ரோபோ, சத்திரசிகிச்சைக் கூடத்தில் சில மணிநேரம் நின்றுவிட்டுப் போய்விடும். உடலினுள் தங்குவது உலோகமும் பிளாஸ்டிக்கும். தொடை எலும்பின் முனையை மூடும் கொபால்ட்-குரோமியக் கவசம், கீழ்க்கால் எலும்பின் மேல் அமரும் உலோகத் தட்டு, இரண்டுக்கும் இடையில் குருத்தெலும்பின் இடத்தைப் பிடிக்கும் பொலிஎதிலீன் தகடு ஆகியவையே செயற்கை முழங்கால். 2019இல் வெளிவந்த, பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்த ஆய்வொன்று, முழுமையாக மாற்றப்பட்ட முழங்கால் மூட்டுகளில் ஏறத்தாழ 82 சதவீதமானவை 25 ஆண்டுகள் நீடிப்பதாக மதிப்பிட்டது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் எஞ்சிய 18 சதவீதத்தினரில் ஒருவராக இருப்பவருக்கு, உள்ளே இருப்பது எது என்ற கேள்விக்கு அன்றைக்கு உடனே விடை வேண்டும். அதனால்தான் எந்த நிறுவனத்தின், எந்த வகை, எந்த அளவு மூட்டு பொருத்தப்பட்டது என்பதும், அது நோயாளியின் கையில் எழுத்தில் உள்ளதா என்பதும் ரோபோவைவிட முக்கியமானவை என்கிறேன்.

படுவான்கரையைச் சேர்ந்த ஒரு தாயார், பல ஆண்டுகளுக்கு முன்னர் வெளியூரிலுள்ள ஒரு வைத்தியசாலையில் இடது முழங்காலை மாற்றிக்கொண்டவர், நடக்கும்போது மூட்டு ஆடுகிறது என்று என்னிடம் வந்தார். அவரிடமிருந்த நோய்நிர்ணய அட்டையில் ‘இடது முழங்கால் மூட்டு மாற்று’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. மகன் அந்த வைத்தியசாலைக்குச் சென்று விசாரித்தபோது, பழைய கோவை கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தேய்ந்தது இடையிலுள்ள பிளாஸ்டிக் தகடு மாத்திரமாக இருந்தால், உலோகப் பகுதிகள் உறுதியாக இருக்கும் நிலையில், அதை மட்டும் மாற்றிவிட வாய்ப்புண்டு. ஆனால் ஒரு நிறுவனத்தின் தட்டில் இன்னொரு நிறுவனத்தின் தகடு பொருந்தாது. ஒரே நிறுவனத்திலும் அளவு மாறினால் பொருந்தாமல் போகலாம். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து அனுபவசாலி ஒருவர் நிறுவனத்தை ஊகிக்கலாமே தவிர, அளவையும் தயாரிப்புத் தொகுதி இலக்கத்தையும் எக்ஸ்ரே சொல்லாது. விவரம் தெரியாதபோது, உறுதியாக இருக்கும் உலோகத்தையும் எலும்பிலிருந்து பெயர்த்தெடுக்க நேரிடலாம். அப்போது எலும்பு இழப்பும் கூடும், கிருமித்தொற்று அபாயமும் கூடும், செலவும் பன்மடங்காகும். ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாங்கினால்கூட அதன் எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் உரிமையாளரின் புத்தகத்தில் இருக்கும்போது, மனித உடலில் பொருத்தப்பட்ட மூட்டின் இலக்கம் உரியவரிடம் இல்லாதிருப்பதை எப்படி ஏற்பது?

இதற்குப் புதிய செலவும் தேவையில்லை. செயற்கை மூட்டுகள் வரும் பெட்டிகளினுள்ளேயே நிறுவனத்தின் பெயர், பொருள் இலக்கம், அளவு, தொகுதி இலக்கம் ஆகியவை அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன. ஒன்றை விடுதிக் கோவையில் ஒட்டும் தாதிய உத்தியோகத்தர், இன்னொன்றை நோய்நிர்ணய அட்டையில் ஒட்டிக் கொடுத்தால் போதும்.

ஒவ்வொருவரும் தமது விவரத்தை வைத்திருப்பது ஒரு பாதி. அனைவரின் விவரங்களும் ஓரிடத்தில் சேர்வது மற்றப் பாதி. டீப்பியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்ற உலோக இடுப்பு மூட்டு உலகெங்கும் ஏறத்தாழ 93,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. உலோகத்தின் மேல் உலோகம் உராய்ந்து, நுண்துகள்களும் கொபால்ட், குரோமியமும் இரத்தத்தில் கலந்து, பலருக்குச் சுற்றியுள்ள தசைகள் பழுதாகின. அவுஸ்திரேலியா 1999இலிருந்து தேசிய மூட்டு மாற்றுப் பதிவேடு ஒன்றை நடத்திவருகிறது. ஏனைய மூட்டுகளைவிட இம்மூட்டு அளவுக்கதிகமாக மறுசத்திரசிகிச்சைக்கு உள்ளாவதை அந்தப் பதிவேடு கண்டுகொண்டது. 2009இல் அந்நாட்டுச் சந்தையிலிருந்தும், 2010 ஓகஸ்டில் உலகம் முழுவதிலிருந்தும் அது மீளப்பெறப்பட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 சத்திரசிகிச்சைகளில் இது பயன்பட்டிருந்தது. பின்னர் நட்டஈடு வழங்க முற்பட்டபோது அவர்களில் பெரும்பாலானோர் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் கண்டறிய முடியவில்லை. தம் உடலில் இருப்பது மீளப்பெறப்பட்ட பொருள் என்பதை அறியாமலேயே வலியோடு வாழ்ந்தவர்கள் அவர்களுள் எத்தனை பேரோ என்று எண்ணும்போது மனம் பதறுகிறது.

சுவீடன் 1975இலேயே முழங்கால் பதிவேட்டையும் 1979இல் இடுப்புப் பதிவேட்டையும் தொடங்கிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இலிருந்து பதிவு நடக்கிறது. நவீன இடுப்பு மூட்டு மாற்றின் முன்னோடியான சேர் ஜோன் சார்ன்லி, தாம் முதலில் நம்பிப் பயன்படுத்திய டெஃப்லோன் என்ற பிளாஸ்டிக் சில ஆண்டுகளில் தேய்ந்துபோவதை அறிந்தது, தம் நோயாளிகளை விடாமல் பின்தொடர்ந்து பார்த்ததால்தான். 1962இல் அவர் பொலிஎதிலீனுக்கு மாறினார், இன்றுவரை நாம் பயன்படுத்துவது அதன் வழிவந்ததே.

மூட்டின் விவரத்தில் கவனம் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான ரோபோக்களை விற்பவர்கள் மூட்டுகளையும் விற்கும் நிறுவனங்களே. ஸ்ட்ரைக்கரின் மேக்கோ ஸ்ட்ரைக்கர் மூட்டுகளுக்காகவும், ஸிம்மர் பயோமெட்டின் ரோசா அந்நிறுவன மூட்டுகளுக்காகவும் அமைக்கப்பட்டவை. இயந்திரத்தைத் தெரிவு செய்யும் நோயாளி, தன்னையறியாமலே மூட்டையும் தெரிவு செய்துவிடுகிறார். நாளை நம் அரச வைத்தியசாலைகளுக்கு இத்தகைய இயந்திரம் வாங்கும் பேச்சு எழுமானால், அதனுடன் கட்டாயமாக வரும் மூட்டுகளின் விலையும் பிற நாட்டுப் பதிவேடுகளில் அவற்றின் தேர்ச்சியும் சேர்த்தே ஆராயப்பட வேண்டும்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், மருத்துவ சாதனங்களும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பொறுப்பில் வருகின்றன. அரச, தனியார் என்ற வேறுபாடின்றி, இந்நாட்டில் பொருத்தப்படும் ஒவ்வொரு செயற்கை மூட்டும் கட்டாயமாகப் பதியப்பட வேண்டும் என்ற விதியை அதிகாரசபையும் சுகாதார அமைச்சும் கொண்டுவர வேண்டும். அதுவரை காத்திராமல், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் கல்முனை, அம்பாறை வைத்தியசாலைகளும் தங்களுக்கிடையே ஒரு பொதுப் பதிவைத் தொடங்கலாம். கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் ஆண்டுக்கொருமுறை நோயாளிகளைத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்தால், அதுவே சிறந்த பயிற்சியாகவும் அமையும்.

சத்திரசிகிச்சைக்குப் போகவிருப்பவர்கள், இந்தியாவுக்குப் போகிறவர்கள் குறிப்பாக, அந்த ஒட்டுத்தாளைக் கேட்டு வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். அதைப் படமெடுத்துப் பிள்ளைகளின் கைபேசியிலும் வையுங்கள். ஏற்கெனவே மாற்றிக்கொண்டவர்கள், சத்திரசிகிச்சை நடந்த திகதியுடனும் தேசிய அடையாள அட்டையுடனும் அந்த வைத்தியசாலையின் பதிவேட்டறைக்குச் சென்று, பழைய கோவைகள் அழிக்கப்படுமுன், தமது மூட்டின் விவரத்தை எழுத்தில் கோருங்கள். அரச வைத்தியசாலையாயின் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழும் அதைக் கேட்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயன்மருத்துவர்,
களுவாஞ்சிகுடி.