கசியும் கப்பலைப் பற்றி அடுத்த துறைமுகத்துக்கு யார் சொல்வது?

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்தியா, இலங்கை உள்ளிட்ட இந்தியப் பெருங்கடல் நாடுகளின் பாதுகாப்புக் கூட்டமைப்பான கொழும்பு பாதுகாப்பு மாநாடு கூடும்போதெல்லாம் பயங்கரவாதம், போதைப்பொருள் கடத்தல், எந்த நாட்டுக் கப்பல் எங்கே நிற்கிறது என்பதைத்தான் எழுதுகிறோம், பேசுகிறோம். அவையும் தேவைதான். ஆனால் கடற்கரையில் குடியிருக்கும் எங்களுக்கு, அதே மாநாட்டின் பட்டியலில் இருக்கும் கடல் பாதுகாப்பும் பேரிடர் உதவியும்தான் வாசல்வரை வருகிற விஷயம்.

2021 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் நைட்ரிக் அமிலம் இருந்த ஒரு கன்டெய்னர் கசிந்தது. அதை இறக்கிவிடக் கத்தாரின் ஹமத் துறைமுகத்தில் கேட்டார்கள், நம் குஜராத்தின் ஹசிராவிலும் கேட்டார்கள், இரண்டு இடத்திலும் வசதியில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அப்படியே கொழும்புக்கு வெளியே வந்து நின்று, தீப்பிடித்து, நாள்கணக்கில் எரிந்து, ஜூன் மாதம் மூழ்கியது. சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடலில் கொட்டி இலங்கை மீனவர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. நம் கடலோரக் காவல்படை போய் தீயை அணைக்க உதவியது, அது பெருமைக்குரியது. முந்தைய ஆண்டு நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் எரிந்தபோதும் இரு நாட்டுப் படைகளும் சேர்ந்துதான் பெரும் ஆபத்தைத் தடுத்தன. சரி, ஆனால் ஹசிராவுக்குத் தெரிந்த கசிவு அன்றைக்கே அரசு வழியாகக் கொழும்புக்குப் போயிருக்க வேண்டாமா?

2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியதும் அதே வெள்ளைக் குருணைகள் எங்கள் கன்னியாகுமரி கரையிலும் ஒதுங்கின. உளுந்தம்பருப்பு அளவுதான் இருக்கும், மணலோடு கலந்துவிட்டால் சல்லடை போட்டுச் சலித்தாலும் முழுதாக எடுக்க முடியாது. எந்தக் கன்டெய்னரில் என்ன இருந்தது என்ற விவரம் கரைக்கு வந்து சேருவதற்குள் மீன் வாங்க ஆளில்லாமல் போனது, வதந்திதான் முதலில் வந்தது.

2011-ல் இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றும் தொடங்கியது இந்தக் கொழும்பு பாதுகாப்பு மாநாடு. பிறகு மொரீஷியஸ், வங்கதேசம், இப்போது சீஷெல்ஸும் சேர்ந்திருக்கின்றன. 2024 ஆகஸ்டில் சாசனத்திலும் கொழும்பில் செயலகம் அமைக்கும் ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டாயிற்று. அந்தச் செயலகம் முதல் வேலையாக ஒரு விதி கொண்டுவரட்டும்: ஆபத்தான சரக்கு கசிகிறது என்று ஒரு துறைமுகத்துக்குத் தெரிந்தால், அடுத்து அந்தக் கப்பல் போகிற நாட்டுக்கு உடனே தகவல் போக வேண்டும், கப்பலைத் திருப்பி அனுப்புகிற துறைமுகம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அப்புறம், அந்தத் தகவல் அதிகாரிகளோடு நிற்காமல் மீன்துறை மூலமாக அன்றே மீனவ ஊர்களுக்கும் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கடலோர வாசகர்,
கன்னியாகுமரி மாவட்டம்