மெனுவைக் கடைசியில் எழுது

அன்புள்ள கண்ணுக்கு,

தை மாதம் நம்ம தோட்டத்தில் அறுபது பேருக்கு விருந்து, கொச்சியிலிருந்து சமையல்காரர்கள் வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். மனசு நிறைந்தது. ஆனால் மெனுவை இப்போதே அச்சுக்குக் கொடுத்துவிடாதே. நம்ம பாலக்காட்டு மலைப்பக்கம், இந்த அட்டப்பாடியில் என்ன விளைந்திருக்கிறதோ அதுதான் முதலில்; சமையல்காரர் பேசுவது அதற்குப் பிறகு.

இங்குள்ள இருளர் பழங்குடி ஊருக்குப் போனால் ஊர்த்தலைவரான மூப்பரைப் பார்த்த கையோடு மண்ணுக்காரரையும் பார். மண்ணும் வெள்ளாமையும் அவர் பொறுப்பு. பஞ்சக்காடு என்கிற அவர்கள் மலைக்காட்டு வெள்ளாமையில் ராகி, சாமை, தினை, துவரை, கீரை எல்லாம் கலந்து விதைப்பதால், எது எப்போது கைக்கு வரும் என்று அவருக்குத்தான் தெரியும். புது விளைச்சலுக்குச் சடங்கு ஏதும் பாக்கி இருக்கிறதா என்றும் கேள். இருந்தால் அது முடியட்டும்.

ஆட்டுக்கொம்பு அவரைக்கும் அட்டப்பாடித் துவரைக்கும் 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர்களையும், விளைவித்தவரிடம் கேட்டுக்கொண்டு அவர் பெயரையும் மெனுவில் போடு. சமையல்காரர் பெயர் அதற்குக் கீழே வரட்டும். அவரைக்காய் 6 கிலோ போதும். இரண்டு பக்கமும் நார் உரிக்கணும். அதன் ஊதா நிறம் வெந்ததும் போய்விடும், அதை நம்பித் தட்டு அலங்காரம் வேண்டாம். பச்சைத் துவரையை உரித்தால் எடை நிறையக் குறைந்துவிடும், அதனால் காயாக 10 கிலோ சொல்லிவை. கீரை அன்று காலையில் பறித்ததாக இருக்கட்டும். பிளாஸ்டிக் சாக்கில் அமுக்கி வைத்தால் சூடேறி அழுகிவிடும்.

சாமை 4½ கிலோ. தீட்டாத அரிசி ஒரு மாதம் தாண்டினால் காறல் வாடை அடிக்கும், அதனால் குத்தின தேதியைக் கேட்டு வாங்கு. கல் இருக்கும், இரண்டு தடவை அரி. ஒரே அண்டாவில் போட்டால் அடி குழைந்து மேலே அரிசியாய் நிற்கும். அகலமான இரண்டு பாத்திரத்தில் வை.

களிதான் கவனம். ராகி மாவு 4 கிலோ, இரண்டு பானை, பானைக்கு ஒரு ஆள். ஒரு படி மாவுக்கு இரண்டு படி தண்ணீர். உலை கொதித்ததும் ஒரு கை மாவைக் கரைத்து ஊற்றி, மீதியை நடுவில் குவி. கிண்டாதே. துடுப்புக் காம்பால் நடுவில் குழி போட்டு, தீயைக் குறைத்து, பத்து நிமிஷம் மூடி வை. பிறகுதான் கிண்டணும். அவசரப்பட்டால் கட்டி விழுந்து உள்ளே பச்சை மாவு நிற்கும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். ஆறினால் இறுகிவிடும், ஆகவே இலை போட்ட பிறகு உருண்டை பிடிக்கச் சொல்.

காட்டுக் கிழங்கும் தேனும் வேண்டும் என்று சமையல்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி சிறு வனப்பொருள் எடுக்கும் உரிமை வனத்தில் வாழ்கிறவர்களுக்குத்தான், நமக்கில்லை. ஊரார் கொண்டுவந்து கொடுப்பதை, அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்கு. சில கிழங்குகள் கசப்பும் நமைச்சலும் போகப் பக்குவம் செய்யாவிட்டால் உடம்புக்கு ஆகாது; அந்தச் சமையலை ஊர்ப் பெண்களே செய்யட்டும். அவர்களுக்கும் வருகிற சமையல்காரர்களுக்குக் கொடுக்கிற அதே கூலி.

ராத்திரி விருந்து வேண்டாம் கண்ணு. பொழுது சாய்ந்தால் யானை இறங்கும். மூன்று மணிக்கு இலை போட்டால் ஐந்தரைக்குள் எல்லோரும் வண்டியேறிவிடலாம். எச்சில் இலை, பழத்தோல், உப்பு எதுவும் தோட்டத்தில் கிடக்கக்கூடாது, குழிவெட்டி மூடினாலும் வாசம் பிடித்து வரும். அன்றைக்கே வண்டியில் ஏற்றி அனுப்பிவிடு.

சாமைக்கும் ராகிக்கும் பாதிப் பணத்தை இந்த மாதமே கொடுத்துவிடணும், இல்லையென்றால் வியாபாரி கையில் போய்விடும். அட்டப்பாடியில் இருக்கிற அகளியிலிருந்து எந்தெந்த ஊருக்கு முதலில் போகலாம் என்று அப்பாவோடு பேசி வைக்கிறேன். எத்தனை பேர் வருவது உறுதி என்று மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணிச் சொல்.

அம்மா