பிள்ளைகள் படிக்கக் கேட்ட வருடம்: நம் வாசகர் வட்டத்தின் 2024–25 ஆண்டறிக்கை

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் நான் பதினொரு பக்க அறிக்கை வாசித்ததும், ஏழாவது பக்கத்திலேயே பொருளாளர் கண்ணயர்ந்துவிட்டதும் நினைவிருக்கும். அதனால் இந்த முறை வழக்கமான சமாச்சாரங்களை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் பத்து நடந்தது, ஏப்ரலில் தேர்தலாலும் டிசம்பரில் மழையாலும் இரண்டு நின்றுபோயின. சந்தா கட்டியவர்கள் 43 பேர். கிளை நூலகத்துக்கு இரண்டு மின்விசிறி வாங்கிக் கொடுத்தோம், அதில் ஒன்று ஓடுகிறது. மிச்ச நேரமெல்லாம் ஒரே ஒரு வேலைக்குத்தான் போனது. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

ஜூலை செயற்குழுவுக்கு நூலகர் அம்மா வந்திருந்தார். "எட்டாவது படிக்கிற பையன்கள்கூட வர்றாங்க சார், படத்தைப் பார்த்துட்டு வச்சுட்டுப் போயிடறாங்க" என்றார். உடனே பாதிப் பேர் செல்போனைத் திட்டினோம், பாதிப் பேர் பள்ளிக்கூடத்தைத் திட்டினோம், பெற்றோரும் தப்பவில்லை. ஒரு மணி நேரம் போனது. ஓய்வுபெற்ற ஆசிரியையான நம் துணைத் தலைவர் கடைசியில் வாயைத் திறந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தப் பிள்ளைங்க வாய்விட்டுப் படிச்சு உங்கள்ல யாராவது கேட்டிருக்கீங்களா?" ஒருத்தர்கூட இல்லை. என் பேரன் படித்துக்கூட நான் கேட்டதில்லை.

அப்படித்தான் ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் நூலக வராந்தாவில் உட்கார ஆரம்பித்தோம். முறையை நாமாகக் கண்டுபிடிக்கவில்லை. பிரதம் அமைப்பு 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுக்கிற ஏசர் கணக்கெடுப்பின் முறைதான். அதில் 5 முதல் 16 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தாள்: எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்பு அளவில் நாலு சின்ன வாக்கியம், இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக் கதை. முதலில் அந்த நாலு வாக்கியத்தைக் கொடுப்பார்கள். சரளமாக வந்தால் கதை, தடுக்கினால் சொல், அதுவும் வராவிட்டால் எழுத்து. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள்தான். எழுத்துத் தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்வார்கள். நாட்டின் கணக்கும் இதில்தான் தெரிகிறது. ஐந்தாம் வகுப்பில் அந்த இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க முடிந்தவர்கள் இந்தியக் கிராமங்களில் 2018இல் 50.5 சதவீதம், கொரோனாவுக்குப் பிறகு 2022இல் 42.8, 2025 ஜனவரியில் வெளியான 2024 அறிக்கையில் 48.8. இறங்கியது பாதிக்கு மேல் ஏறிவிட்டது என்று சந்தோஷப்படலாம். ஐந்தாவதில் பாதிப் பேருக்கு இன்னும் இரண்டாம் வகுப்புக் கதை வரவில்லை என்று தலையில் கை வைக்கவும் செய்யலாம்.

நாங்கள் கேட்டது 58 பேரை, மூன்றாவதிலிருந்து எட்டாவது வரை. இந்த எண்ணிக்கையை வைத்து ஊரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, நூலகம் பக்கம் வருகிற பிள்ளைகள் மட்டும்தான் அதில் இருக்கிறார்கள். பத்திரிகை நிருபர் கேட்டபோதும் இதையேதான் சொன்னேன்.

முதல் சனிக்கிழமை நடந்த கூத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரே அட்டையை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கவைத்துவிட்டோம். ஆறாவதாக வந்த குட்டி அட்டையைப் பார்க்காமலே கடகடவென்று ஒப்பித்தாள், நான் சந்தோஷமாக "கதை" என்று குறித்தும் விட்டேன். பக்கத்தில் இருந்த தன்னார்வலப் பெண்தான், "சார், அட்டை தலைகீழா இருக்கு" என்றாள். அவள் அரசின் மாலை நேர வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் ஏற்கெனவே வேலை பார்த்தவள், பிள்ளைகளின் தந்திரமெல்லாம் அத்துப்படி. அடுத்த வாரம் நாலு விதமான அட்டை, வரிசை வாசலுக்கு வெளியே. பாடப்புத்தகத்திலிருந்து எடுக்கவே கூடாது என்பதும் அன்றே முடிவானது, பாடம் மனப்பாடமாக இருக்கும். சரி, நூலகத்துப் பழைய கதைப் புத்தகத்திலிருந்து எடுப்போம் என்று ஒரு பத்தியை எடுத்தோம், அதிலும் மாட்டிக்கொண்டோம். அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த அந்தப் பழைய லை, னை வந்த இடத்தில் எல்லாம் பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். "இதைக்கூடத் தெரியாதா" என்று அதட்டிய பெரியவர் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. கடைசியில் நாமே எழுதினோம், கிணற்றில் விழுந்த கயிறும் அதை எட்டிப் பார்த்த ஆடும்.

அப்புறம் ஸ்டாப்வாட்ச் விவகாரம். சின்ன வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்பதற்கான மத்திய அரசின் நிபுன் பாரத் திட்டத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல் புரிந்து படிக்க வேண்டும் என்று இருக்கிறது. நம் உறுப்பினர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு, கையில் செல்போனை வைத்து நேரம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தமிழில் சொல்லை எண்ணுவது அவ்வளவு சுலபமா? 'பள்ளிக்கூடத்திலிருந்து' என்பது ஒரு சொல், அதில் 12 எழுத்து. 'பூ' என்பதும் ஒரு சொல். ஒரே வேகத்தில் படிக்கிற பிள்ளை ஒரு அட்டையில் பாஸ், இன்னொன்றில் பெயில் ஆகும். 2022இல் மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 20 மொழிகளில் ஆய்வு நடத்தியபோது வேக அளவை மொழிக்கு மொழி தனியாகத்தான் வகுத்தார்கள். காரணம் இதுதான். அதைவிடப் பெரிய தொல்லை, நேரம் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்கு அது ஓட்டப்பந்தயமாகிவிட்டது. மூன்றாவது வாரத்தோடு ஸ்டாப்வாட்சை நிறுத்தினோம். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இனி, எங்களுக்குள் பெரிய சண்டை வந்த இடம். ஏழாவது படிக்கும் பையன் ஒருவன் கதையை ஒரு பிழை இல்லாமல் படித்தான், குரல் வானொலிச் செய்தி மாதிரி. "கயிறு எதுல விழுந்துச்சு தம்பி?" என்றால் மேலே பார்க்கிறான். திரும்பப் பார்த்துச் சொல்லலாம் என்றாலும் எங்கே தேடுவது என்று தெரியவில்லை. அவனுக்கு அடுத்து வந்தவள் ஐந்தாவது படிக்கிற பெண். விரலை வைத்து, தடுக்கி, திரும்பப் படித்து, 'கிணற்றில்' என்று இருக்கிற இடத்தில் 'கிணத்துல' என்று படித்துக்கொண்டு போனாள். முடித்ததும் யாரும் கேட்காமலே, "ஆடு எட்டிப் பார்த்தா அதுவும் விழுந்துரும்ல அக்கா, அதுக்குத்தான் கட்டிப் போடணும்" என்றாள். எங்கள் தாள்படி பையன் மேல் படி, இவள் கீழ்ப் படி.

'கிணத்துல' பிழையா இல்லையா என்று அன்று இரவு டீக்கடையில் ஒன்பதரை மணி வரை பேசினோம். என் முடிவை இங்கே பதிவு செய்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். கண் 'கிணற்றில்' என்று பார்த்து, பொருள் மனசுக்குப் போய், வாய் வீட்டுப் பேச்சில் அதைச் சொல்கிறது என்றால், அவள் படித்துவிட்டாள் என்றுதான் அர்த்தம். அதுவே 'வந்தாள்' என்பதை 'வந்தான்' என்று படித்துவிட்டு ஆணா பெண்ணா என்று குழம்பாமல் மேலே போனால் அது பிழை. பழத்தைப் 'பளம்' என்பது உச்சரிப்பு, வாசிப்புப் பிழை அல்ல. அதைப் பிழை என்று எண்ணினால் இந்த அறையில் பாதிப் பேர் எழுத்து நிலையில் நிற்போம், பொருளாளர் முதலில். இதற்குப் பிறகு ஒவ்வொரு அட்டைக்கும் மூன்று கேள்வி சேர்த்தோம்: கதையில் நேராக இருக்கிற விஷயம் ஒன்று, யோசித்துச் சொல்ல வேண்டியது ஒன்று, "உன் வார்த்தையில் கதையைச் சொல்லு" என்பது ஒன்று. மூன்றாவதுதான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கிறது.

ஆறாவது முதல் எட்டாவது வரை உள்ள 27 பேருக்கு இந்தக் கதை அட்டை போதவில்லை. இரண்டாவது வகுப்புக் கதை வந்துவிட்டது என்பதால் அறிவியல் பாடம் புரியும் என்று ஆகிவிடாதே. ஏசர் குழு 2017இலும் 2023இலும் 14 முதல் 18 வயதுக்காரர்களிடம், வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் மேல் இருக்கும் குறிப்பைப் படிக்கவைத்துக் கேள்வி கேட்டது. அதையே பிடித்துக்கொண்டோம். நம் ஊர் மருந்துக்கடையில் வாங்கிய பொட்டலத்தில் தமிழே இல்லை, எனவே குறிப்பைத் தமிழில் நாமே எழுதி ஒட்டினோம். கதையைச் சரளமாகப் படித்த 16 பேரில், எவ்வளவு தண்ணீர், கரைத்ததை எத்தனை மணி நேரம் வைத்திருக்கலாம் என்று இரண்டையும் சரியாகச் சொன்னவர்கள் 7 பேர். பேருந்து நேரப் பலகையை மட்டும் எல்லோரும் அட்டகாசமாகப் படித்தார்கள், தேவை அப்படி.

இங்கே ஒரு தவறை எழுதியாக வேண்டும், அது செயலாளர் என்ற முறையில் என்னுடையது. செப்டம்பர் முதல் வாரம் யார் எந்தப் படியில் என்ற பட்டியலைப் பெயரோடு அச்சடித்து நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். நன்றாகப் படித்தவர்களைப் பாராட்டுவதாக நினைப்பு. மறுநாளே ஒரு அப்பா வந்து பார்த்துவிட்டு, பையனை அங்கேயே, எல்லோர் முன்னாலும் திட்டினார். அந்தப் பையன்தான் நான் மேலே சொன்ன ஏழாவது வகுப்புக்காரன். ஆறு வாரம் நூலகம் பக்கம் வரவில்லை. பட்டியலைக் கிழித்துவிட்டேன், அவன் வீட்டுக்கு இரண்டு முறை போனேன், முதல் முறை கதவு திறக்கவில்லை. இப்போது குறிப்பேடு துணைத் தலைவர் வீட்டு பீரோவில் இருக்கிறது, பெயருக்குப் பதில் எண். பிறகு ஒரு பள்ளியிலிருந்தும் அந்தப் பட்டியலைக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. கொஞ்சம் மனஸ்தாபம்தான், பரவாயில்லை.

கேட்டதோடு விட்டால் பாவம், ஏதாவது செய்ய வேண்டுமே. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 2022 முதல் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்கள் நிற்கிற நிலையை வைத்துப் பிரிக்கிறார்கள் அல்லவா, அதே மாதிரி வகுப்பைப் பார்க்காமல் படியைப் பார்த்துப் பிரித்தோம். அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற புத்தகங்கள் கை கொடுத்தன, ஒரு பக்கத்துக்கு இரண்டு வரி என்றால் பிள்ளைக்குத் தைரியம் வருகிறது. சிக்கல் பெரிய பிள்ளைகளிடம்தான். எட்டாவது பெண்ணை மூன்றாவதோடு உட்காரச் சொன்னால் உட்காருவாளா? துணைத் தலைவர் ஒரு வழி செய்தார். "குட்டிப் பசங்களுக்குப் படிச்சுக் காட்ட ஆள் வேணும்மா" என்று முந்தின நாளே புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினார். மானம் போகக் கூடாது என்று அவள் ராத்திரி நாலு தரம் படித்துவிட்டு வந்தாள். திரும்பி வந்த அந்தப் பையனுக்கும் இதே வேலைதான், ஆனால் படித்துக் காட்டியதும் குட்டிகள் கேட்கிற கேள்விக்கு அவனே பதில் சொல்ல வேண்டும்.

பிப்ரவரியில் புது அட்டையோடு மறுபடி கேட்டோம். ஆகஸ்டில் எழுத்து, சொல் நிலையில் இருந்த சின்னப் பிள்ளைகள் 14 பேரில் 9 பேர் அந்த நாலு வாக்கியப் படியைத் தாண்டிவிட்டார்கள். இரண்டு பேர் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். மூன்று பேர் அதே இடம், அதில் ஒருத்தி அட்டையை மூக்குக்குப் பக்கத்தில் பிடிப்பதைத் தன்னார்வலப் பெண் கவனித்து அம்மாவிடம் சொன்னாள், இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். ஒன்பது பேர் ஏறியது நம்மால்தான் என்று யாரும் மேடையில் பேசிவிட வேண்டாம். அவர்கள் ஐந்து நாள் பள்ளிக்கும் போகிறார்கள், நம்மிடம் வருவது ஒரு காலைப்பொழுது.

வரவு செலவு: அட்டை அச்சடித்தது 640 ரூபாய், புத்தகம் 1,850, பிஸ்கட் 2,310. பிஸ்கட் செலவு புத்தகச் செலவைவிட அதிகம் என்று பொருளாளர் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார், பதிவு செய்துகொள்கிறேன், பிஸ்கட் தொடரும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள். பிள்ளைகளின் பெயரோடு எந்தப் பட்டியலும் இனி வெளியே போகக் கூடாது என்பது ஒன்று. பழுதான மின்விசிறியைக் கடையிலேயே திருப்பிக் கொடுப்பது இன்னொன்று. அடுத்த சுற்று ஜூன் இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கேட்க ஆறு பேர் தேவை. மூக்குக்கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள், போன முறை இரண்டு பேர் பிள்ளைகளிடமே அட்டையைப் படிக்கச் சொல்லித்தான் சரிபார்த்தார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்